காபனைப் பிடிக்கும் தொழினுட்பம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எது சரிவரும்?

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். காபனீரொட்சைட்டைப் பிடித்து மறுபடி பயன்படுத்துவது பற்றி இப்போது நம்ம ஆட்களும் நிறையப் பேசுகிறார்கள், ஆனால் மூன்று வேறு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஆலையின் புகைக்கூண்டில் பிடிப்பது ஒன்று. திறந்த வெளிக் காற்றில் இருந்து உறிஞ்சுவது இன்னொன்று. பிடித்ததை என்ன செய்வது என்பது மூன்றாவது. எனக்கு இந்த மூன்றாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

அளவைப் பாருங்கள். உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஓராண்டில் வெளிவிடுவது ஏறத்தாழ 3,700 கோடி தொன். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிற பிடிப்பு ஆலைகளின் மொத்தக் கொள்ளளவு 5 கோடி தொன் அளவில்தான். காற்றில் இருந்து நேரடியாக உறிஞ்சுவது அதைவிடச் சின்னது. ஐஸ்லாந்தில் கிளைம்வேர்க்ஸ் கம்பனி 2021இல் தொடங்கிய ஓர்கா ஆலை ஆண்டுக்கு 4,000 தொன்னுக்கு வடிவமைத்தது, 2024இல் தொடங்கிய மம்மத் 36,000 தொன்னுக்கு. காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம்தான் இருக்கிறது என்பதால் ஒரு தொன்னைப் பிடிக்க 13 இலட்சம் கன மீற்றருக்கு மேல் காற்றை இழுத்துத் தள்ளவேண்டும், அதற்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் கேள்வி இதுதான். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தத் துறையில் வரப்போகிறவற்றில் நம்ம இரண்டு மாவட்டங்களுக்கும் உண்மையாகவே உதவுவது எது? பிடித்த காபன் எங்கே போகிறது, அங்கே எத்தனை காலம் இருக்கிறது என்று கேட்டாலே பாதி விளம்பரம் அடிபட்டுப் போகும் என்பது என் எண்ணம். மிச்சத்தைப் பேசுவோம்.

படுவான்கரை வட்டை

தம்பி, நல்ல விசயம்தான் எடுத்திருக்கிறீர். ஆனால் வேளாண்மை செய்கிற எங்களுக்குச் சூழல் என்று யாராவது தொடங்கினாலே கொஞ்சம் பயம் வரும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே அடியாக நிறுத்தினபோதும் மண்ணையும் மனிசரையும் காப்பாற்றத்தான் என்று சொன்னார்கள். அந்தப் பெரும்போகம் பயிர் மஞ்சள் பிடித்து நின்றதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. கடன் வாங்கி விதைத்தவன் கடனோடேயே நின்றான்.

இலங்கையில் ஒரு ஆள் வெளிவிடுவது ஆண்டுக்கு ஒரு தொன் அளவு என்கிறார்கள், உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கும் மேலே. அப்படியென்றால் மற்றவன் விட்ட புகைக்கு நாங்கள் எதற்குப் பொறுப்பு எடுக்கவேண்டும்? புதுசாக எதுவும் வந்தால் நான் கேட்பது இரண்டு கேள்வி: காசு யார் போடுகிறது, பிழைத்துப் போனால் நட்டம் யாருக்கு.

அப்புறம் இன்னொன்று. யூரியா செய்வதே இந்த வாயுவில்தான் என்று மகன் சொல்கிறான். அது உண்மையா?

ஒலுவில் இரசாயனம்

மகன் சொன்னது சரிதான் அண்ணன். அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் அழுத்தத்தில் சேர்த்துத்தான் யூரியா செய்கிறார்கள். ஒரு தொன் யூரியாவுக்குள் கிட்டத்தட்ட 730 கிலோ காபனீரொட்சைட்டு போகிறது. இன்றைக்கு உலகத்தில் இந்த வாயுவை அதிகம் பயன்படுத்துகிற தொழிலே யூரியாதான், ஆண்டுக்கு 13 கோடி தொன் அளவு. பயன்பாடு என்று வருகிற பெரிய பெரிய கணக்குகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இதுதான் இருக்கும்.

இப்போது வாவிக்கரை அண்ணாவின் கேள்வியை இதில் போட்டுப் பாருங்கள். நீங்கள் வரம்பில் நின்று வீசுகிற யூரியா ஈரமண்ணில் விழுந்ததும் மண்ணில் இருக்கிற நொதியம் அதை உடைக்கத் தொடங்கிவிடும். சில நாட்களுக்குள் அமோனியம் மண்ணில் நிற்கும், உள்ளே இருந்த காபனீரொட்சைட்டு முழுக்க மேலே போய்விடும். ஆலையில் பிடித்து, கப்பலில் ஏற்றி, வட்டைக்குக் கொண்டுவந்து விடுகிறோம், அவ்வளவுதான் நடக்கிறது. யூரியா கெட்டது என்று நான் சொல்லவில்லை, அது இல்லாமல் இந்த விளைச்சல் வராது. ஆனால் அதைக் காபன் சேமிப்பு என்று எண்ணுவது கணக்குப் பிழை.

தூத்துக்குடி கதையும் இதே மாதிரிதான். அங்கே ஒரு சோடா உப்புத் தொழிற்சாலை தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையைப் பிடித்து அதிலேயே சோடா செய்கிறது, 2016இல் ஆண்டுக்கு 60,000 தொன் வரை பிடிக்கலாம் என்று அறிவித்தார்கள், அரச மானியம் இல்லாமல். அதுவரை வெளியே இருந்து வாங்கின வாயுவை நிறுத்தி சொந்தப் புகையைப் பிடித்தது உண்மையில் கெட்டித்தனம். ஆனால் அந்தச் சோடா கண்ணாடி ஆலைக்குப் போனால் மணலோடு சேர்த்து உருக்கும்போது வாயு திரும்பவும் வெளியே வந்துவிடும். எங்கே போகிறது என்று கடைசி வரை பின்னால் போய்ப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கல்லடி

நான் இன்னும் நேராகவே சொல்கிறேன். இந்தத் துறையின் பெரும்பகுதி எண்ணெய்க் கம்பனிகள் தங்கள் தொழிலை இன்னும் கொஞ்சக் காலம் இழுப்பதற்கான வழி. டெக்சாசில் பெட்ரா நோவா என்று ஒரு ஆலை, 2017இல் தொடங்கி நிலக்கரிப் புகையைப் பிடித்துக் குழாயில் அனுப்பினார்கள், எங்கே? பழைய எண்ணெய்க் கிணற்றுக்குள். உள்ளே தள்ளி மிச்ச எண்ணெயை மேலே எடுப்பதற்கு. 2020இல் எண்ணெய் விலை விழுந்ததும் மூடினார்கள், 2023இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். காலநிலைக்காக நடத்தியிருந்தால் எண்ணெய் விலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கனடாவில் பவுண்டரி டாம் 2014இல் வந்தது, ஆண்டுக்கு 10 இலட்சம் தொன் என்று சொன்னார்கள், அந்த இலக்கைப் பிடிக்கவே படாத பாடு பட்டார்கள்.

நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்துக்கு இதைப் பூட்டவேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. பிடிக்கிற வேலைக்கே உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ போய்விடும். அதாவது 900இல் ஏறத்தாழ 200 மெகாவாட் இல்லாமல் போகும், அதை ஈடுகட்ட வேறெங்கோ எண்ணெய் எரிப்பான். கரண்ட் பில் கட்ட முடியாமல் மீட்டரைக் கழற்றுகிற நாட்டில் இதை யார் கட்டுவது? சம்பூரில் அனல் மின் நிலையம் கட்டாமல் விட்டார்களே, அந்த இடத்துக்குச் சூரிய மின்சாரம் வருகிறதே, அதுதான் உண்மையான காபன் பிடிப்பு. வெளிவிடாததைப் பிடிக்கத் தேவையில்லை.

பேர்கன் மட்டுநகரான்

கல்லடி சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறது, ஆனால் முழுதும் இல்லை. நான் இருக்கிறது நோர்வேயில். இங்கே ஸ்லைப்னர் என்கிற கடல் எரிவாயுக் களத்தில் 1996இல் இருந்து கடலடி மணற்பாறைக்குள் காபனீரொட்சைட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், பல ஆண்டுகள் ஆண்டுக்கு 10 இலட்சம் தொன் அளவில். அது தானாக வந்த நல்ல மனசு இல்லை. 1991இல் நோர்வே அரசு கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கிறவர்கள் வெளிவிடும் காபனுக்கு வரி போட்டது, வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவாக இருந்தது. வரி என்கிற ஒரு சங்கதி இல்லையென்றால் அந்த ஆலையே வந்திருக்காது. இதை நம்ம ஊரில் பேசுகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டும்.

சீமெந்து வேறு கதை. மின்சாரத்துக்குச் சூரியன் இருக்கிறது, காற்று இருக்கிறது. சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டே ஆகவேண்டும், சுடும்போது கல்லுக்குள் இருக்கிற வாயுவே வெளியே வரும், அடுப்பை எதில் எரித்தாலும் வரும். உலக வெளியீட்டில் 7 முதல் 8 சதவீதம் சீமெந்தில் இருந்துதான். அதனால் 2025 ஜூனில் இங்கே பிரேவிக் என்ற ஊரில் ஒரு சீமெந்து ஆலை முழு அளவில் பிடிக்கத் தொடங்கியது, ஆண்டுக்கு 4 இலட்சம் தொன், அந்த ஆலையின் வெளியீட்டில் பாதி. ஏன் பாதி என்றால் ஆலையில் வீணாகப் போகிற வெப்பம் அவ்வளவுக்குத்தான் போதும், மிச்சத்துக்குப் புதிதாக எரிக்கவேண்டி வரும். வேலை எப்படி நடக்கிறது என்றால், ஆறவைத்த புகையை உயரமான கோபுரத்துக்குள் கீழிருந்து விடுவார்கள், மேலிருந்து அமீன் என்கிற கரைசல் மழை மாதிரி இறங்கும், அது வாயுவைப் பற்றிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கரைசலை 120 பாகை வரை சூடாக்கினால் பற்றியதை விட்டுவிடும். செலவு முழுக்க அந்தச் சூட்டில்தான். குளிரவைத்துத் திரவமாக்கி, கப்பலில் கொண்டுபோய், பேர்கனுக்குப் பக்கத்துக் கரையில் இறக்கி, அங்கிருந்து 100 கிலோமீற்றர் குழாயில் கொண்டுபோய் கடலடிக்குக் கீழே 2,600 மீற்றர் ஆழத்தில் விடுகிறார்கள். முதல் வாயு 2025 ஓகஸ்டில் உள்ளே போனது. செலவில் பெரும்பங்கு அரசு போட்டது.

அந்தச் சூட்டைக் குறைக்கிறதுதான் இந்தத் துறையின் எதிர்காலம் என்று எனக்குப் படுகிறது. உலோகமும் காபன் சேர்வைகளும் பின்னிய நுண்துளைச் சட்டங்கள் வந்திருக்கின்றன, 2025இன் இரசாயன நோபல் பரிசு அதற்குத்தான், கிட்டகாவா, ரொப்சன், யாகி மூவருக்கும். வாயு அந்தத் துளைகளுக்குள் போய் ஒட்டும், கரைசல் அளவுக்குச் சூடு இல்லாமலே கழன்று வரும். அது மலிவானால் புத்தளம் சீமெந்து ஆலைக்கு ஒரு காலத்தில் சரிவரலாம். மட்டக்களப்புக்கு நேரடியாக ஒன்றும் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

உன்னிச்சை

புதைக்கிறதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம்ம பக்கத்திலும் நிலத்துக்குள் விடலாமே என்று அடுத்ததாக யாராவது கேட்பீர்கள். முடியாது. புதைப்பதற்கு 800 மீற்றருக்குக் கீழே நுண்துளை உள்ள மணற்பாறை வேண்டும், அதற்கு மேலே வாயு புகமுடியாத களிப்பாறை மூடி வேண்டும். நம்ம காலடியில் இருப்பது விஜயன் தொகுதி என்கிற மிகப் பழைய உருமாறிய பாறை. கிணறு வெட்டினவனுக்குத் தெரியும், மண்ணும் உக்கல் பாறையும் தாண்டினால் கருங்கல்தான். இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இப்படித்தான். படிவுப் பாறை இருக்கிறது என்றால் யாழ்ப்பாணம், மன்னார், மன்னார்க் கடல்.

ஐஸ்லாந்தில் வேறு வழி. வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் விட்டார்கள், இரண்டு ஆண்டுக்குள் 95 சதவீதம் கல்லாகவே மாறிவிட்டது என்று 2016இல் வெளியிட்டார்கள். ஒரு தொன் வாயுவுக்கு 25 தொன் அளவு தண்ணீர் வேண்டும், அந்தப் பாறையும் வேண்டும். நமக்கு இரண்டும் இல்லை. பாறையைத் தூளாக்கி வயலில் போடுகிற முறையும் இருக்கிறது. மழைநீரில் கரைந்து வருகிற வாயு அந்தத் தூளோடு சேர்ந்து பைகாபனேற்று என்கிற கரைந்த உப்பாகி ஆற்றோடு கடலுக்குப் போய்விடும், திரும்ப வராது. 2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் காபன் போட்டியில் 5 கோடி டொலர் முதல் பரிசு எடுத்த மாட்டி காபன் இதைத்தான் இந்தியாவில் சின்ன விவசாயிகளின் வயலில் செய்கிறது, நெல் வயலிலும். அங்கே தக்காணப் பீடபூமி முழுக்க பசாற்று என்கிற எரிமலைப் பாறை இருக்கிறது, குவாரியிலேயே தூள் கிடைக்கிறது. நம்ம கருங்கல் தூளைப் போட்டால் அது கரைவதற்குள் எத்தனையோ தலைமுறை போய்விடும். அம்பாந்தோட்டைப் பக்கம் உஸ்ஸங்கொடயில் கருங்கல்லைவிட வேகமாகக் கரையக்கூடிய சேர்பென்ரைன் பாறை இருக்கிறது, ஆனால் அது தேசியப் பூங்கா, போதாததற்கு அந்த மண்ணில் நிக்கல் கூட. சாப்பாட்டு வயலில் அதைக் கொட்ட நான் விடமாட்டேன்.

கல் அரியும் அக்கரைப்பற்று

உன்னிச்சை சொன்னது விளங்குது. எனக்கு ஒரு சந்தேகம், படித்தவர்கள் சொல்லுங்கள். நான் சீமெந்துக் கல் அரிகிற தொழில். வாயுவைக் கொங்கிறீட்டுக்குள்ளேயே ஏற்றலாம், கல் சீக்கிரம் இறுகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்களுக்குப் பெரிய தலைவலியே தண்ணீர்தான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலையில் அரிந்த கல் மதியத்துக்குள் மேலே வெளுத்துவிடும், சாக்கு நனைத்துப் போட்டு, திரும்பத் திரும்பத் தண்ணீர் அடித்து, அப்படியும் ஓரம் உதிரும். தண்ணீர் இல்லாமல் இறுகும் என்றால் எனக்கு வேண்டும். ஆனால் அந்த வாயு எங்கே கிடைக்கும்?

ஒலுவில் இரசாயனம்

அண்ணா, நீங்கள் பார்த்தது உண்மையான தொழினுட்பம். கனடாவில் கார்பன்கியூர் என்ற கம்பனி கலவைக்குள் கொஞ்சம் வாயு விடுகிறது. வேறு சிலர் அரிந்த கல்லைக் காற்றுப் புகாத அறைக்குள் அடுக்கி வாயுவை நிரப்புகிறார்கள். சீமெந்தில் இருக்கிற கல்சியம் வாயுவோடு சேர்ந்து திரும்பச் சுண்ணாம்புக்கல் ஆகிறது. அது கல்லுக்குள் இறுகிப்போய்விடும், யூரியா மாதிரி சில நாளில் வெளியே வராது. நான் இதுவரை பார்த்த பயன்பாடுகளில் நேர்மையானது இதுதான்.

ஆனால் அளவைச் சரியாகச் சொல்லவேண்டும். கல்லில் இருக்கிற சீமெந்தின் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவு வாயு ஏறினால் பெரிய காரியம். அந்தச் சீமெந்தைச் செய்யும்போது வெளியே போனது அதைப்போல ஆறு மடங்கு. அதனால் இதை வைத்து மாசில்லாத கல் என்று போர்டு போடக்கூடாது. உண்மையான இலாபம் ஒரு நாளில் இறுகுவதும், சீமெந்தைக் கொஞ்சம் குறைத்துப் போட முடிவதும். இன்னொன்று, கம்பி போட்ட பீம், தூண், சிலாப் எதற்கும் இந்த அறை முறை வேண்டாம். வாயு ஏறினால் கொங்கிறீட்டின் காரத்தன்மை குறையும், காரம் குறைந்தால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். கடல் பக்கம் சொல்லவே தேவையில்லை. கம்பி இல்லாத சுவர்க்கல், தரைக்கல் என்றால் பரவாயில்லை.

வாயு எங்கே என்றால், ஹிங்குரான. சீனி ஆலையில் கரும்புப் பாகை நொதிக்கவைத்து எதனோல் எடுக்கும்போது எதனோலின் நிறைக்குக் கிட்டத்தட்டச் சமமான காபனீரொட்சைட்டு வரும். அது புகைக்கூண்டுப் புகை மாதிரி நைதரசனோடு கலந்து வராது, ஏறக்குறையச் சுத்தமாகவே வரும். கோபுரமும் வேண்டாம், அமீனும் வேண்டாம், 120 பாகைச் சூடும் வேண்டாம். கழுவி, உலர்த்தி, அமுக்கினால் போதும். கரும்பு அந்தக் காபனைக் காற்றில் இருந்துதான் எடுத்தது என்பதால் கணக்கும் சுத்தம். அமெரிக்காவில் இல்லினோய் மாநிலம் டிகேற்றர் நகரத்தில் சோள எதனோல் ஆலையின் இதே வாயுவைத்தான் 2011இல் இருந்து நிலத்துக்குள் விட்டார்கள்.

கல்லடி

டிகேற்றர் கதையை முழுதாகச் சொல்லுங்கள். 2024இல் அங்கே கண்காணிப்புக் கிணற்றின் உருக்கு அரித்து, இருக்கவேண்டிய அடுக்கைவிட்டு மேல் அடுக்குக்கு ஒழுகினது வெளியே வந்தது, உள்ளே விடுவதையே நிறுத்திவைத்தார்கள். அமெரிக்காவிலேயே அப்படி.

இன்னொன்று, இந்த வாயு காற்றைவிடப் பாரம். ஒழுகினால் தரையோடு படுத்துப் பள்ளத்தில் தேங்கும், நிறம் மணம் எதுவும் இல்லை. 1986இல் கமரூனில் நியோஸ் ஏரியில் இருந்து ஒரு இரவில் கிளம்பி 1,700 பேருக்கு மேல் செத்தார்கள். 2020இல் மிசிசிப்பியில் சற்றார்ஷியா என்ற ஊருக்குப் பக்கத்தில் குழாய் வெடித்து ஊரையே காலி பண்ணினார்கள், ஓடிய வாகனங்களின் எஞ்சின்கூட ஒக்சிஜன் இல்லாமல் நின்றுபோனது. கல் அரிகிற இடத்தில் காற்றுப் புகாத அறை என்கிறீர்கள். அதற்குள் கல் எடுக்கப் போகிற கூலிக்காரப் பொடியனுக்கு என்ன பாதுகாப்பு? கதவைத் திறந்து விசிறி போட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, 5,000 பிபிஎம்முக்கு (பத்து இலட்சம் பங்கு காற்றில் 5,000 பங்கு வாயு) கீழே வந்தால்தான் உள்ளே கால் வைக்கவேண்டும் என்று யார் நின்று பார்ப்பது? மீட்டர் வாங்கக் காசில்லை என்றால் இதைத் தொடவே வேண்டாம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

கல் அரியும் அக்கரைப்பற்று

சரி, மீட்டர் இல்லாமல் தொடுவதில்லை. ஆலைக்காரர் வாயுவை அமுக்கி விற்கிற காலம் வந்தால் பார்க்கலாம். நானே அமுக்கி இயந்திரம் வாங்குவது நடக்காத காரியம்.

சம்மாந்துறை மில்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். எல்லாரும் பெரிய ஆலை, கடல், குழாய் என்று பேசுகிறீர்கள், என் மில்லுக்குப் பின்னால் இருக்கிற உமி மலையைப் பற்றி ஒரு ஆளும் பேசவில்லை. நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற காலத்தில் அது சுவரைத் தாண்டி நிற்கும். காற்றடித்தால் பக்கத்து வீட்டு வராந்தாவில் உமி, நெருப்பு வைத்தால் கிழமைக்கணக்கில் உள்ளுக்குள் புகைந்துகொண்டே கிடக்கும், மேலே சாம்பல், கிண்டினால் உள்ளே செக்கச்செவேல் என்று தணல். அயலவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் வெளிநாட்டுக் காபன் வரவு, அதாவது காற்றில் இருந்து அகற்றின காபனைத் தொன் கணக்கில் விற்கிற கிரெடிட், என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். உமியைக் கரியாக்கித் தந்தால் காசு வரும், ஆனால் பதினைந்து வருசத்துக்கு உரிமையை எழுதித் தா என்றார். நான் கையெழுத்து வைக்கவில்லை. அது நல்ல காரியமா, ஏமாற்றா? உமிக்கரி எல்லாம் இந்த இழைக்குள் வருமா?

வாவிக்கரை

காக்கா, இந்த இழையைத் தொடங்கினபோது என் மனசில் இருந்ததே இதுதான். நெற்பயிர் மாதக்கணக்கில் காற்றில் இருந்து காபனைப் பிடித்துவைத்திருக்கிறது, விசிறியும் கரண்டும் இல்லாமல். அதை எரித்தால் அப்படியே திரும்பப் போய்விடும். காற்றுக் குறைவாக 400 முதல் 600 பாகை வரை சூடாக்கிக் கரியாக்கினால் காபனில் ஒரு பெரிய பங்கு உக்காத வடிவத்துக்கு மாறி மண்ணில் நூற்றாண்டுக்கணக்கில் கிடக்கும். உலகத்தில் காபன் அகற்றுவதாக விற்று இதுவரை உண்மையில் கையில் கொடுக்கப்பட்டவற்றில் பெரும்பங்கு இந்த மாதிரிக் கரிதான், இயந்திரம் இல்லை. உன்னிச்சை சொன்ன அதே எக்ஸ்பிரைஸ் போட்டியில் இரண்டாவதாக வந்தது பிரேசிலில் கோப்பி உமியைக் கரியாக்குகிற கம்பனி.

கணக்கு சொல்கிறேன். உமியில் சிலிக்கா அதிகம், அதனால் உமிக்கரியில் காபன் பாதி அளவுதான் தேறும். ஒரு தொன் கரியில் 500 கிலோ காபன் என்று வைத்தால் அது 1.8 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். அதில் இருந்து நாளாவட்டத்தில் உக்கிப்போகும் பங்கு, லொறி டீசல், சூளையில் இருந்து தப்புகிற மெதேன் எல்லாவற்றையும் கழிக்கவேண்டும். உலகச் சந்தையில் கரிக்கான வரவு ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு 100 டொலருக்கு மேல் போகிறது. ஆனால் சான்றிதழ், அளவீடு, இடைத்தரகர் எல்லாரும் எடுத்த மிச்சம்தான் மில்லுக்கு வரும், வயல்காரருக்கு என்ன வரும் என்பதை யாருமே எழுதுவதில்லை. உங்களிடம் வந்தவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் பதினைந்து வருச உரிமையை ஒரு போகம்கூடக் கரி செய்து பார்க்காமல் எழுதிக் கொடுக்காதீர்கள். விலை கூடினால் பங்கு கூடுமா, அளவீட்டுச் செலவு யார் தலையில், இடையில் நிறுத்தினால் தண்டம் உண்டா, இந்த மூன்றும் தமிழில் எழுதி வரட்டும்.

பேர்கன் மட்டுநகரான்

ஒன்று கவனியுங்கள். உமி சும்மா கிடக்கிற சாமான் என்று நினைத்துத்தான் இந்தக் கணக்கு எல்லாம் போடுகிறார்கள். நம்ம பக்கம் நெல் அவிக்கிற அடுப்புக்கும் உமிதான், செங்கல் சூளைக்கும் அதுதான், கோழிக்கூட்டுக்கும் அதுதான். அந்த உமியை இழுத்துக் கரியாக்கிவிட்டு மில்காரரும் சூளைக்காரரும் விறகுக்குப் போனால் காடு போகும், காகிதத்தில் மட்டும் இலாபம் நிற்கும். மிஞ்சுகிற உமியை மட்டும் எண்ணவேண்டும்.

சம்மாந்துறை மில்காரன்

அது சரி தம்பி. அவிக்கிற அடுப்புக்கு நான் எடுப்பது போக மிஞ்சுவதைத்தான் சொல்கிறேன். கரியாக்கும்போது வருகிற சூட்டையே அவிப்புக்குத் திருப்பலாமா?

ஒலுவில் இரசாயனம்

திருப்பலாம் காக்கா, திருப்பவும் வேண்டும். கரியாகும்போது உமியில் இருந்து எரிகிற வாயு வரும், அதைப் புகையாக வெளியே விட்டால் அதிலேயே மெதேன் போய் நல்ல கணக்கு கெட்ட கணக்காகிவிடும். அந்த வாயுவை எரித்துக் கொதிகலனைச் சூடாக்குகிற மாதிரி உலை வேண்டும். தகரப் பீப்பாய்க்குள் மூட்டுகிற முறை சின்னத் தோட்டத்துக்குச் சரி, மில் அளவுக்குச் சரிவராது.

சூட்டில் ஒரு அவதானம். 700 பாகையைத் தாண்டவிட்டால் உமியில் இருக்கிற சிலிக்கா பளிங்கு வடிவத்துக்கு மாறத் தொடங்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பாத நோய். கரியை ஈரமாக்கித்தான் அள்ளவேண்டும், அள்ளுகிறவர்களுக்கு முகமூடி வேண்டும். கல்லடி அண்ணா வாயுவுக்குச் சொன்ன அதே சட்டம் இதற்கும்.

படுவான்கரை வட்டை

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் இப்போதுதான் பதில் கிட்ட வருகிறது. கரி நல்லதா கெட்டதா என்று என் வயலில் பார்க்காமல் நம்பமாட்டேன். களி வட்டையில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பது என் எண்ணம், கரைப்பக்கத்து மணலில் மிளகாய், கத்தரி போடுகிறவர்களுக்கு ஈரம் நிற்கும், பசளை கழுவுப்பட்டுப் போகாது. சும்மா கரியை மட்டும் கொட்டினால் அதுவே முதலில் பசளையை இழுத்துக்கொள்ளும், அதனால் மாட்டெருவோடு கலந்து ஊறவைத்துப் போடவேண்டும். ஒரு கண்டத்தை வரம்பு போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரே நெல், ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு யூரியா, ஒரு பக்கம் கரி, மற்றப் பக்கம் இல்லாமல் செய்து பார்க்க நான் தயார். விளைச்சல் விழுந்தால் அந்த அரைக் கண்டத்து நட்டத்தை யார் தருவது என்பதை மட்டும் முதலே பேசிவிடுவோம்.

சம்மாந்துறை மில்காரன்

அந்த அரைக் கண்டத்து நெல்லை மற்ற அரைக் கண்டத்து விளைச்சல் கணக்கில் நான் காசு தந்து எடுக்கிறேன், எழுத்தில் தருகிறேன். கரியை எங்கே சோதிப்பது, எப்படி அனுப்புவது?

ஒலுவில் இரசாயனம்

இங்கே ஒலுவிலிலோ வந்தாறுமூலையிலோ பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் காக்கா. குவியலில் ஒரே இடத்தில் அள்ளவேண்டாம். மேலே, நடுவில், அடியில், ஓரத்தில் என்று பல இடத்தில் அள்ளி ஒன்றாகக் கலந்து, அதில் இருந்து கொஞ்சத்தை வெயிலில் உலர்த்தி இறுக்கமான போத்தலில் அடையுங்கள். காபன், ஐதரசன், சாம்பல், ஈரம் இந்த நாலையும் பார்க்கவேண்டும். ஐதரசனுக்கும் காபனுக்கும் உள்ள அணு விகிதம் 0.7க்குக் கீழே இருந்தால்தான் நீண்ட காலம் நிற்கிற கரி என்று வெளிநாட்டுச் சான்றிதழ்க்காரர்கள் ஏற்பார்கள், அதற்கு மேலே இருந்தால் அரைகுறையாக வெந்த உமி என்று அர்த்தம். போத்தலில் எந்த நாள் எரித்தது, எவ்வளவு நேரம், எந்த நெல்லின் உமி என்று எழுதி ஒட்டுங்கள். உலையில் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க ஒரு வெப்பமானிக் கம்பியும் முதலே வாங்கிப் பூட்டிவிடுங்கள், அது இல்லாமல் எரித்த கரியை நான் சோதனைக்கு எடுக்கமாட்டேன்.